நங்கூர ஒழுங்கையின் நீர்நிலை

கொட்டாஞ்சேனை நங்கூர ஒழுங்கைக்குப் புத்துயிர் ஊட்டும் திருப்பணியை நகர உயிர்ப்பூட்டல் செயலகம் தங்கள் நிறுவனத்துக்கே கொடுத்துவிட்டது என்ற செய்தி, வெள்ளவத்தை அலுவலகத்துக்கு ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வந்து சேர்ந்தது. பத்தேகாலுக்குக் கேக் வெட்டினார்கள். பத்தரைக்குக் கிளெமென்ற் வரைபடத்தில் தன்னுடைய வீட்டைத் தேடிக்கொண்டிருந்தார்.

அவர் அந்த ஒழுங்கையிலேயே பிறந்து, அங்கேயே மெற்றில்டாவைக் கலியாணம் முடித்து, ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் அங்கேயே இருப்பவர். ‘நிழல் அண்ட் நிலம்’ என்ற கட்டடக்கலை நிறுவனத்தில் இருபத்தொரு வருடமாகப் படவரைஞர். தான் குடியிருக்கும் ஒழுங்கைக்கு உயிர் போய்விட்டது என்பது அன்றுவரை அவருக்குத் தெரியாது.

நிறுவனத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாறிக்கடை ஒன்றுக்கு மேலே மூன்றாம் மாடியில் இருந்தது. அதன் தலைவர் தனஞ்சயன் வெளிநாட்டில் ஆறுமாதப் படிப்பு ஒன்றை முடித்துத் திரும்பிய பிறகு, சுவர்ப் பூச்சை எல்லாம் உடைத்து உள்ளே இருக்கும் செங்கல் தெரிய வேண்டும் என்று உத்தரவிட்டார். உடைத்துப் பார்த்தால் உள்ளே சீமெந்துக் கல். அதனால் திரும்பப் பூசி, ஒரு பெயின்ரரைப் பிடித்து அதன்மேல் செங்கல் வரைந்தார்கள். முதுகு சாய்ந்தால் சிந்தனையும் சாய்ந்துவிடும் என்பதால் கதிரைகளை அகற்றிவிட்டு உயரமான ஸ்டூல்கள் வாங்கினார்கள். ‘பிரச்சினை’ என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுக்கக்கூடாது, ‘வாய்ப்பு’ என்றுதான் சொல்ல வேண்டும். கழிப்பறையில் தண்ணீர் வராத நாட்களில் கதவில் ‘இங்கே ஒரு வாய்ப்பு உள்ளது’ என்று எழுதி ஒட்டியிருக்கும்.

கிளெமென்ற் வரைபடத்தை இரண்டு தரம் மேலிருந்து கீழும், ஒரு தரம் கீழிருந்து மேலும் பார்த்துவிட்டுத் தனஞ்சயனின் கண்ணாடி அறைக்குப் போனார்.

“சேர், இதில வீடுகளைக் காணேல்ல.”

“அடர்த்தியைத் தளர்த்தியிருக்கிறம், கிளெமென்ற்.”

“எவ்வளவு தளர்த்தியிருக்கிறம்?”

“முழுக்க.”

முப்பத்தெட்டு வீடுகள் இருந்த இடத்தில் ஒரு முற்றவெளி, ஒரு சைக்கிள் பாதை, உட்கார முடியாத வடிவத்தில் ஆறு கல் இருக்கைகள் இருந்தன. அங்கிருக்கும் சனம் எங்கே போகும் என்று கிளெமென்ற் கேட்டார்.

“மேல்நோக்கிப் போகும். ஹெந்தளைப் பக்கம் ஒரு தொடர்மாடி. பதினாலாம் மாடி. நல்ல காத்து, கடலும் தெரியும்.”

“நானும் அங்கதான் சேர் இருக்கிறன். இருபத்தேழாம் இலக்கம்.”

தனஞ்சயன் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். “எது?”

“இந்த மரம்.”

“நல்ல மரம்,” என்றார் தனஞ்சயன். அவர் அதை மனதாரத்தான் சொன்னார்.

கிளெமென்ற் அந்த ஒழுங்கைவாசி என்பது தெரிந்ததும் அலுவலகத்தில் ஒரு புதிய வாய்ப்பு உண்டானது. மனித அனுபவப் பொறுப்பாளரான ரொஷேல் ஒரு படிவத்தோடு வந்தாள். போன வருடம் வரைக்கும் அவள் வரவுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள். இப்போதும் அதைத்தான் பார்க்கிறாள், பெயர் மட்டும் மாறிவிட்டது.

“அங்கிள், நீங்க அந்த ஒழுங்கையில இருக்கிறபடியால் இந்தத் திட்டத்தில ஒரு கோடும் கீறக்கூடாது. பக்கச்சார்பு வந்திடும்.”

“சரி. அப்ப வியாழக்கிழமை செயலகம் வைக்கிற குடியிருப்பாளர் கூட்டத்தில எழும்பிக் கதைக்கிறன்.”

“அதுவும் ஏலாது. நீங்க எங்கட ஊழியர். அங்க கதைச்சா எங்கட பக்கச்சார்பு வந்திடும்.”

“பிள்ளை, அப்ப நான் எங்கதான் வாயைத் திறக்கிறது?”

ரொஷேல் படிவத்தைப் புரட்டிப் பார்த்தாள். “அப்பிடி ஒரு இடம் இதில போட்டில்லை, அங்கிள்.”

கடைசியில் ஒரு சமரசம் காணப்பட்டது. கட்டடம், பாதை, எல்லை ஆகியவற்றைக் கிளெமென்ற் தொடமாட்டார். படங்களுக்கு மேகம், மரம், மனிதர் ஆகியவற்றை மட்டும் போடுவார். போடுவதற்கான மனிதர்கள் கணினியில் தயாராக இருந்தார்கள். எல்லோரும் ஆறடி உயரம், வெள்ளைக்காரர்கள். சிலர் நாய் பிடித்திருந்தார்கள். ஒரு சிறுமி சிவப்பு பலூன் வைத்திருந்தாள். மரக்கறிப் பையோடு ஒருவர்கூட இல்லை.

அன்று பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனபோது ஒழுங்கை வாயில் முழங்காலுக்குக் கீழே தண்ணீர் நின்றது. அது புதினம் இல்லை. ஒழுங்கை தொடங்கும் இடத்தில் மழைநீர் ஓடும் கான் பதினொரு வருடத்துக்கு முன்பு அடைபட்டது. அன்றிலிருந்து எந்த மழை பெய்தாலும் தண்ணீர் வந்து குடியேறிவிடும், அது முழுக்க வற்றுவதற்குள் அடுத்த மழை வந்துவிடும். மாநகரசபைக்கு வருடத்துக்கு இரண்டு மனுவாவது அனுப்புவார்கள். எல்லா மனுவிலும் முதல் கையெழுத்து கிளெமென்றுடையது. போன மே மாதம் மெற்றில்டா அந்தத் தண்ணீரில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். அதற்குப் பிறகு போன மனுவில் எக்ஸ்றே படமும் இணைக்கப்பட்டது. பதில் வரவில்லை. எக்ஸ்றேயும் திரும்பி வரவில்லை.

முப்பத்தெட்டு வீட்டுக்கும் அன்றே கடிதம் கொடுத்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பீபி கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். இடியப்பம் அவித்து விற்று மகனை வளர்த்த மனுசி. வாய்க்குப் பயந்து ஒழுங்கையில் பாதிப்பேர் அவளிடம் கடன்கூடக் கேட்கமாட்டார்கள்.

“தம்பி, இது ஒங்கட ஒபிஸ் செய்யிற வேலயாமே?”

“ஓம் அக்கா.”

“ஒங்களுக்கு முந்தியே தெரியுமா?”

“இண்டைக்குக் காலமைதான் தெரியும்.”

“கேக் தந்தாங்க எண்டு நீங்க போன்ல சொன்னதா மெற்றில்டா சொன்னா.”

கிளெமென்றின் கை சட்டைப் பைக்குப் போனது. கேக் துண்டின் பாதியைக் கடதாசியில் சுற்றி மெற்றில்டாவுக்கென்று கொண்டுவந்திருந்தார். அது நசிந்துபோய் இருந்தது.

“பதினாலாம் மாடிக்கு ஏறி இடியப்பம் வாங்க ஆரு வார?” என்றாள் பீபி. அதை அவள் சண்டையாகக் கேட்கவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்தநாள் அலுவலகத்தில் முற்றவெளிப் படத்துக்கு மனிதர்கள் போட உட்கார்ந்தார். நாய்க்காரரைப் போட்டார். பலூன் சிறுமியைப் போட்டார். அவள் நின்ற இடம் பீபியின் அடுப்படி. கொஞ்சநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிறுமியை அழித்தார். அவருடைய போனில் ஒரு படம் இருந்தது. போன ஒக்ரோபரில் மனுவோடு இணைக்க எடுத்தது. சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு, இடியப்பத் தட்டைத் தோளில் ஏந்தி, தண்ணீருக்குள்ளே நின்று படம் பிடிப்பவரை முறைக்கும் பீபி. அவளைப் பக்குவமாக வெட்டி எடுத்து முற்றவெளியின் நடுவில் வைத்தார். உலர்ந்த தரையில் ஒரு மனுசியைச் சேலை தூக்கிய கோலத்தில் நிறுத்துவது மரியாதை இல்லை என்று தோன்றியதால் சுற்றிவரத் தண்ணீரும் போட்டார். பின்னேர வெயில் அதில் மின்னுவதுபோலச் செய்தார். வேலை தெரிந்த கை, தானாகவே செய்தது.

பார்த்து ஆறுதலடைந்துவிட்டு அழித்துவிடுவதாகத்தான் எண்ணம். அதற்கு முன் சாப்பிடப் போனார். அவர் சோற்றுப் பார்சலை அவிழ்த்த நேரத்தில் ரொஷேல் அந்தப் படத்தை ஆறடி உயரத்துக்கு அச்சடிக்க அனுப்பிவிட்டாள்.

நகர உயிர்ப்பூட்டல் செயலகத்தின் பிரதிப் பணிப்பாளர் நதீஷா, கெட்டிக்காரி, மூன்று மொழியும் கலந்து கதைப்பவள், சுற்றறிக்கைகளை மனப்பாடமாக வைத்திருப்பவள். திட்டத்தைக் காட்டும் நாளில் தனஞ்சயன் அவள் முன்னால் நாற்பது நிமிடம் ‘இடத்தின் ஆன்மா’ பற்றிப் பேசிவிட்டுப் படத்தின் மேலிருந்த துணியை விலக்கினார். ஆறடி பீபி எல்லோரையும் முறைத்தாள்.

“மே மொகக்த?” என்றாள் நதீஷா. இது என்ன என்று தெரிந்துகொள்ளத் தனஞ்சயனுக்கும் அதே ஆவல் இருந்தது. அவரும் அப்போதுதான் பார்க்கிறார். படச்சட்டத்தைப் பிடித்திருந்த கிளெமென்ற் அதன் பின்னால் கொஞ்சம் ஒதுங்கினார்.

இரண்டு விநாடிதான். தனஞ்சயன் சும்மா தலைவரானவர் அல்ல.

“தண்ணி, மிஸ். மக்கள் தண்ணியோட உறவாடுகினம். அந்தப் பெண் தண்ணிக்குள்ள நிக்கேல்ல, தண்ணியோட நிக்கிறா.”

“லஸ்ஸனய்,” என்றாள் நதீஷா மெல்ல. அழகாகத்தான் இருந்தது. பிறகு படத்தைத் தூக்கிப்பிடித்திருந்த கிளெமென்றை அண்ணன் முறை வைத்து அழைத்தாள். “அய்யே, இந்தத் தண்ணி உண்மையாவே அங்க இருக்குதா?”

கதைக்கலாமா கூடாதா என்று கிளெமென்ற் ரொஷேலைப் பார்த்தார். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

“இருக்கு மிஸ். பதினொரு வருசமா இருக்கு.”

“வத்தாதா?”

“வத்தினா நாங்க ஏன் மிஸ் மனு எழுதுறம்?”

நதீஷா சுற்றறிக்கைக் கோப்பு ஒன்றை எடுத்து, நாக்கில் விரலைத் தொட்டுப் பக்கங்களைப் புரட்டினாள். பத்து வருடத்துக்கு மேல் ஒரே இடத்தில் தங்கி நிற்கும் நீர், ‘மரபுசார் நகர நீர்நிலை’ ஆகும். அதைச் சுற்றி முப்பது மீற்றருக்குள் எதையும் இடிக்கவோ கட்டவோ முடியாது. அதன் கரையில் வாழ்வோர் ‘நீர்க்கரைச் சமூகம்’ ஆவர். சமூகத்தை அகற்றினால் நீர் தன் மரபை இழந்துவிடும் என்பதால் அவர்களை எழுப்பவும் முடியாது.

“அதுதான் மிஸ் எங்கட ஆரம்பக் கருத்தே,” என்றார் தனஞ்சயன். முற்றவெளியும் சைக்கிள் பாதையும் கல் இருக்கைகளும் இருந்த வரைபடச் சுருளை அவர் காலால் மேசைக்குக் கீழே தள்ளுவதைக் கிளெமென்ற் கண்டார்.

“ஒரு கேள்வி மிஸ்,” என்றார் கிளெமென்ற். “தண்ணி வடிஞ்சா?”

“வடிஞ்சா அது சாதாரணக் காணி. அபிவிருத்திக்கு உகந்தது.” நதீஷா கோப்பை மூடினாள். “பெப்ரவரி ரெண்டாம் கிழமை வந்து அளப்பன். நாப்பது சென்ரிமீற்றர் இருக்க வேணும்.”

அந்த வருடம் ஜனவரியில் ஒரு துளி மழை இல்லை. பதினொரு வருடமாக வற்றாத தண்ணீர் வற்றத் தொடங்கியது. பெப்ரவரி பிறக்கும்போது கணுக்கால்கூட நனையவில்லை. ஒழுங்கையார் வாழ்க்கையில் முதல்முறையாகத் தங்கள் நிலத்தைக் கண்டு பயந்தார்கள். பீபியின் வாசலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்து வந்தவர்களும் மற்றவர்களும் கூடினார்கள். கிளெமென்ற் சட்டத்தை விளக்கினார். அவர் வாயைத் திறக்கலாம் என்று எந்தப் படிவத்திலும் இல்லைதான். ஆனால் அங்கே படிவம் இல்லை.

“அப்ப கான நல்லா அடைச்சா சரி,” என்றான் பீபியின் மகன் ரிப்கான். திரீவீல் ஓட்டுகிறவன், சுருக்கமாகப் பேசுவான்.

மெற்றில்டா பழைய தும்பு மெத்தை ஒன்றைக் கொடுத்தாள். ரிப்கானும் இன்னும் மூன்று பேரும் அதைச் சுருட்டிக் கானின் வாய்க்குள் திணித்தார்கள். பிறகு தண்ணீர் வேண்டும். முப்பத்தெட்டு வீட்டுக் குழாய்களையும் திறந்துவிட்டு மூன்று நாள் உடுப்புத் தோய்த்தார்கள். தோய்த்த உடுப்பைக் காயவிடாமல் திரும்பத் தோய்த்தார்கள். கடைசி நாளில் ஜன்னல் சீலைகளையும் ஒருவர் வீட்டு மாதா சொரூபத்தின் விரிப்பையும்கூட விட்டுவைக்கவில்லை.

நதீஷா அளவுகோலோடு வந்து இறங்கியபோது நாற்பத்துமூன்று சென்ரிமீற்றர் இருந்தது. மேலே வெள்ளையாக மிதந்ததை ‘இயற்கையான நுரை’ என்று குறித்துக்கொண்டாள். தனஞ்சயன் வெள்ளைக் காற்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கி, கண்ணை மூடித் தண்ணீரைக் ‘கேட்டார்’. ஒரு நுளம்பு கழுத்தில் கடித்தபோது, கண்ணைத் திறக்காமலே “உயிர்ப்பல்வகைமை” என்றார்.

அந்த நேரம் பீபியின் வீட்டுப் படியைத் தாண்டித் தண்ணீர் உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் இடியப்ப மாத் தகரங்களை அலுமாரிக்கு மேலே ஏற்றிவிட்டு வந்து, வாசலில் நின்று நதீஷாவைப் பார்த்துச் சிரித்தாள். கிளெமென்றுக்கு அவளைப் பார்க்க வெட்கமாக இருந்தது. ஆனால் இருபத்தேழாம் இலக்கத்தின் கூரை ஓடுகளையும், கதவையும், தான் பிறந்த அறையின் ஜன்னலையும் ஒருதரம் பார்த்துக்கொண்டார். வெட்கம் அதற்குமேல் ஏறவில்லை.

‘மரபுசார் நகர நீர்நிலை’ என்று எழுதிய நீல நிறப் பலகை ஒன்று நடப்பட்டது. அதன்பிறகு நடந்தவற்றை ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. கலியாணச் சோடிகள் படமெடுக்க வந்தார்கள். பாமன்கடைப் பக்கத்திலிருந்து ஆட்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, ‘பாருங்க, இதுதான் அசல்’ என்று காட்டினார்கள். தண்ணீருக்குள் நின்றபடி இடியப்பமும் சம்பலும் சாப்பிடுவது புது நாகரிகமாகிவிட்டது. பீபி வீட்டு நிலத்தைக் கல் வைத்து உயர்த்திக்கொண்டு, பகல் முழுக்க அவித்தாள். மெற்றில்டா ‘நீர்க்கரைச் சமூக மன்ற’த்தின் தலைவியானாள். யாரோ ஒரு மனுசன் கால் நனையாமல் போக இரண்டு செங்கல்லைப் போட்டபோது, முறிந்து பொருந்திய அதே கையை நீட்டி, “மரபைக் கெடுக்காதேங்க,” என்று ஏசி எடுக்கவைத்தாள்.

நிறுவனத்துக்குப் பெரிய ஹோட்டல் ஒன்றில் விருது கொடுத்தார்கள். “நாங்கள் ஒன்றுமே செய்யவில்லை,” என்று தனஞ்சயன் மேடையில் அடக்கத்தோடு சொன்னார். சபை எழுந்து நின்று கைதட்டியது. அவர் வாழ்க்கையில் மேடையில் சொன்ன ஒரே உண்மை அதுதான் என்பது கிளெமென்றுக்கு மட்டும் தெரியும். ஆனால் அவரும் எழுந்து நின்று தட்டினார். ஏனென்றால் அவர் இப்போது ‘நீர்ச்சூழல் முதன்மை ஆலோசகர்’. முதுகு சாய்க்கிற கதிரை அந்த அலுவலகத்தில் அவர் ஒருவருக்குத்தான்.

ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில், காலை ஒன்பது மணிக்கு, மாநகரசபையின் மஞ்சள் ட்ராக்டர் ஒன்று சேற்றுப் பெட்டியை இழுத்துக்கொண்டு ஒழுங்கை வாயில் வந்து நின்றது. நீண்ட கம்பிகளோடு ஆறு பேர் இறங்கினார்கள். அவர்களின் மேற்பார்வையாளர் ஸவாஹிர் என்ற மெலிந்த மனிதர் கையில் தடித்த கோப்போடு வந்தார்.

“கான் தொறக்க அனுமதி வந்தீக்கி,” என்றார். அவர் முகத்தில் நல்ல காரியம் செய்ய வந்தவரின் சந்தோசம் இருந்தது. “பதினொரு வருசத்து மனு. எல்லாம் ஒண்டா பாஸாகிட்டு.”

ஐந்து நிமிடத்துக்குள் முப்பத்தெட்டு வீடும் ட்ராக்டருக்கு முன்னால் நின்றது. ரிப்கான் திரீவீலைக் கொண்டுவந்து குறுக்கே விட்டான்.

“தொடக்கூடாது,” என்றாள் மெற்றில்டா.

“நீங்கதானே கேட்டீங்க. கையெழுத்தெல்லாம் ஈக்கி.” ஸவாஹிர் கோப்பைத் திறந்தார். உள்ளே எக்ஸ்றே படம் ஒன்று எட்டிப்பார்த்தது. “கிளெமென்ற் எண்டவர் ஆரு?”

கிளெமென்ற் அவருக்கு இரண்டடி முன்னால் நின்றார்.

“அந்தப் பேரில இப்ப இங்க ஒருத்தரும் இல்லை,” என்றாள் மெற்றில்டா.

“நல்ல மனுசன்,” என்றாள் பீபி பெருமூச்சோடு.

ஸவாஹிர் தொப்பியைக் கழற்றிவிட்டு, பெயருக்கு நேரே ஏதோ குறித்துக்கொண்டார். ஆட்களைத் திரும்ப ஏறச் சொன்னார். சனம் கலைந்தது. அவர் மட்டும் போகாமல் நீலப் பலகையை முதலிலிருந்து கடைசி வரைக்கும் வாசித்தார். பிறகு கிளெமென்றைப் பலகைக்குப் பின்னால் கூப்பிட்டார்.

“சேர், நீங்கதானே இந்தத் தண்ணிக்குப் படம் கீறின ஆள்? டீவியில கண்டேன்.”

கிளெமென்ற் சுற்றிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

“எங்கட மட்டக்குளித் தோட்டத்துக்கும் வீடுகள விட்டு எழும்பச் சொல்லிக் கடிதம் வந்தீக்கி. அடுத்த மாசம் அளக்க வாராங்களாம். நூத்திப் பத்து வீடு.” ஸவாஹிரின் குரல் இறங்கியது. “எங்கட பக்கத்தில ஒரு சொட்டுத் தண்ணியும் நிக்கிறல்ல சேர். இருவது வருசமா நானே என்ட கையால கானெல்லாம் சுத்தம் பண்ணி வச்சீக்கேன். பொஞ்சாதி இப்ப என்ன ஏசுறா.”

கிளெமென்ற் ட்ராக்டருக்குப் பின்னாலிருந்த பெட்டியைப் பார்த்தார். அதில் கறுப்புச் சேறும் மண்ணும் பொலித்தீனும் வழிய வழிய இருந்தது.

“இது எங்க அள்ளினது?”

“காலையில கிறாண்ட்பாஸ் பக்கம், சேர்.”

“எங்க கொண்டுபோய்க் கொட்டப் போறீங்க?”

ஸவாஹிர் பெட்டியைப் பார்த்தார். கிளெமென்றைப் பார்த்தார். தொப்பியைப் போட்டுக்கொண்டு, போய்ச் சாரதிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார்.

ட்ராக்டர் மட்டக்குளிப் பக்கம் திரும்பியது.